சுவரிலிருந்து எத்தனை மீட்டர்

போனை எடுத்ததும் அக்கா மூன்று கேள்வி கேட்பாள். தூக்கவேண்டிய சாமான் எவ்வளவு எடை, எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டும், வண்டி சுவரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நிற்கும். அந்தப் பக்கம் பேசுவது யாராக இருந்தாலும் சரி, நலம் விசாரிப்பதெல்லாம் நாலாவதுதான். இதனால் கட்டட வேலைக்காரர்கள் நடுவில் அவளுக்கு 'மூணு கேள்வி' என்றே பெயர் விழுந்துவிட்டது. "மூணு கேள்வி இருக்காங்களா?" என்று கேட்டே போன் செய்கிறவர்கள் உண்டு. "இருக்கேன், எடையைச் சொல்லுங்க" என்பாள் அவள், முகத்தில் துளி சிரிப்பில்லாமல்.

அவள் வேலை செய்த இடம் டெலிஹேண்ட்லர் வாடகைக்கு விடும் ஒரு யார்டு. அந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மார் உயரத்துக்கு நான்கு சக்கரம், இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கண்ணாடிக் கேபின், முதுகில் படுத்திருக்கும் ஓர் இரும்புக் கை. அந்தக் கையை பூம் என்பார்கள். லீவரை அசைத்தால் பூம் எழும். ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிந்திருக்கும் துண்டுகள் வெளியே வந்து நீளும். நுனியில் இரண்டு இரும்பு நாக்கு. கல் அடுக்கிய பலகையை அந்த நாக்கில் ஏந்தி மாடிக்கு நீட்டினால், பத்து ஆள் அரை நாள் தலையில் சுமப்பதை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். "கை நீளமானவனை நம்பி வேலை குடுக்கிற ஒரே இடம் நம்ம யார்டுதான்" என்பார் மெக்கானிக். இந்த ஒரே ஜோக்கை அவர் பதினாலு வருடமாக அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஸ்பேனர். அதாவது, அவரும் அப்படித்தான் கூப்பிடப்பட்டார்.

அந்தக் கைக்கு ஒரு கணக்கு உண்டு. மூன்றரை டன் வண்டி என்று பெயர் இருக்கும். ஆனால் அந்த மூன்றரை டன், சுமை வண்டியோடு ஒட்டி இருக்கும்போது மட்டும்தான். கை நீள நீள அதன் தெம்பு குறைந்துகொண்டே வரும். ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரமும் நடக்கலாம்; அதே வாளியைக் கையை நேராக நீட்டிப் பிடித்துப் பாருங்கள், தெரியும். சுவரை ஒட்டி நின்றால் இரண்டரை டன்னைத் தூக்கி வைக்கிற வண்டி, ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் ஒரு டன்னுக்கே மூச்சு வாங்கும். அதற்கு மேல் ஏற்றினால் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். அப்புறம் வண்டி மூக்கு குப்புற விழும். கேபினில் இருப்பவன் கதி, கீழே நிற்பவன் கதி எல்லாம் அவரவர் அதிர்ஷ்டம்.

ஆகவே மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. அதைத்தான் ஒருவரும் ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். எடை கேட்டால் சொல்வார்கள். உயரம் கேட்டால் மாடிக் கணக்கில் சொல்வார்கள். மூன்றாவதைக் கேட்டால் மட்டும் "பக்கத்துலதான் மேடம்" என்பார்கள். பக்கம் என்றால் எத்தனை மீட்டர்? அக்கா விடமாட்டாள். "போய் அளந்துட்டுக் கூப்பிடுங்க, நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்று போனை வைத்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு அளந்து சொன்னவர்கள் எத்தனையோ பேர். சொன்னதை வாடகைச் சீட்டில் மூன்று கட்டத்திலும் எழுதி, ஆபரேட்டர் கையில் கொடுப்பாள். சீட்டு இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது.

இவ்வளவு கறார் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பயத்திலிருந்துதான். அவள் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். அடுப்பு அணைத்தோமா என்று வேலைக்கு நடுவில் மாமியாருக்குப் போன் செய்வாள். "அணைச்சாச்சு, நீ வேலையைப் பாரு" என்று அந்தம்மா சலித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, ஆறு வருடத்துக்கு முன்னால் தன் கொழுந்தனையே கொண்டுவந்து அதே யார்டில் ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டாள்.

அவன் அப்போது வேலை இல்லாமல் வீட்டில் சும்மா இருந்தான். வண்டி ஓட்டுவதென்றால் உயிர். மாமியாருக்குத் துளிகூட இஷ்டமில்லை. "இரும்போட விளையாடுற வேலை எம்புள்ளைக்கு வேண்டாம்" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தது. அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "அத்தை, எந்த வண்டி எங்க போகுதுன்னு எழுதறதே நான்தான். என் கையைத் தாண்டித்தான் அவன் போகணும். நான் பாத்துக்கறேன்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாமியார் சம்மதித்தது. ஆறு வருடமாக அக்கா அந்த வார்த்தையை மடியில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

அவளே போட்ட இன்னொரு சட்டமும் யார்டில் உண்டு. பூம் மேலே இருக்கும்போது ஆபரேட்டர் போனைத் தொடக்கூடாது. தொடக்கூடாது என்றால் தொடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு கேபினிலும் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் டூல் பெட்டிக்குள் போனைப் போட்டு மூடிவிட வேண்டும் என்று வைத்தாள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். கொழுந்தன் மட்டும் அண்ணி சொன்னால் சொன்னதுதான் என்று அன்றிலிருந்து அப்படியே செய்தான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

காலையில் முதலாளி உள்ளே வரும்போதே முகம் சரியில்லை. பைபாஸ் பக்கம் புதிதாக ஒரு வாடகை யார்டு திறந்திருந்தார்கள். இங்கே வழக்கமாக வரும் இரண்டு பேர் அங்கே போய்விட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, அங்கே போன் செய்தால் வண்டி வருகிறது, இங்கே போன் செய்தால் விசாரணைக் கமிஷன் வருகிறது என்று சொன்னார்களாம்.

"ஏம்மா, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேட்டா எவன் வருவான்? கொஞ்சம் அனுசரிச்சுப் பேசும்மா. தெரிஞ்ச பார்ட்டிய எல்லாம் போய் அளந்துட்டு வான்னா எப்படி?"

"சார், அளக்காம எப்படி..."

"பதினாலு வருஷமா இருக்க. உனக்கே ஒரு உத்தேசக் கணக்கு இருக்கும்ல?"

சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த முதலாளிமார்கள் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போய்விடுவார்கள். அது நாள் முழுக்க யார் காலில் குத்தும் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேலை போய்விடுமோ என்று அது வேறு ஒரு பயம் புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது.

பத்து நிமிடத்தில் போன் அடித்தது. ஒரு மேஸ்திரி. மூன்று வருடமாக வாடிக்கை, நல்ல மனுஷன், நேரத்துக்கு வண்டியைத் திருப்பி அனுப்புகிறவர்.

"மேடம், ரெண்டாவது மாடிக்குக் கல்லு ஏத்தணும். ஒரு பலகை ஒன்றரை டன்னு வரும். உயரம் ஆறு மீட்டர். வண்டி கிடைக்குமா?"

கேட்காமலே இரண்டு பதில் வந்துவிட்டது. மூன்றாவது கேள்வி அவள் நாக்கு நுனியில் இருந்தது. விசாரணைக் கமிஷன் என்ற வார்த்தையும் அங்கேயே இருந்தது. இந்த மேஸ்திரி இதுவரை எடுத்த வேலையில் எல்லாம் வண்டி சுவரை ஒட்டித்தான் நின்றது. இரண்டு மீட்டருக்கு மேல் அவர் சொன்னதே இல்லை.

"அனுப்பறேன் மேஸ்திரி" என்றாள்.

போனை வைத்தாள். சீட்டில் எடை எழுதினாள், உயரம் எழுதினாள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் சீட்டு போகாது. அது அவள் வைத்த சட்டம்தானே. பேனா ஒரு நொடி நின்றது. பிறகு '2' என்று எழுதினாள்.

கொழுந்தன் வந்து சீட்டை வாங்கினான். ஒரு பார்வை பார்த்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "வரேன் அண்ணி." வண்டி உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

அதன்பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. இரண்டு முறை மேஸ்திரி நம்பரை எடுத்தாள், இரண்டு முறையும் வைத்துவிட்டாள். இப்போது போய்க் கேட்டால் என்ன நினைப்பார். அவர் என்றைக்குமே இரண்டு மீட்டர்தானே. அடுப்பு அணைத்தோமா என்று கேட்கிற அதே கோளாறுதான் இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்தடுத்து வந்த போன்களில் மூன்று கேள்வியையும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டாள். எதிரே சுவரில், காலண்டருக்குக் கீழே, கை சைகை அட்டவணை ஒன்று தொங்கும். சத்தத்தில் பேச முடியாத இடத்தில் கீழே நிற்பவர் ஆபரேட்டருக்குக் காட்டும் சைகைகள்: தூக்கு, இறக்கு, நீட்டு, உள்ளே இழு, நிறுத்து. பதினாலு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் மதியச் சாப்பாடு சாப்பிடுவாள். இன்று அந்தப் பொம்மை மனிதர்கள் எல்லோரும் அவளையே முறைப்பதுபோல இருந்தது.

பதினொன்றுக்கு மேஸ்திரியே கூப்பிட்டார்.

"மேடம், உங்க கிட்ட கெட்டியான மரப்பலகை ரெண்டு இருக்குமா? சக்கரத்துக்கு அடியில போடணும். பள்ளத்து ஓரம் மண்ணு ஈரமா இருக்கு."

"என்ன பள்ளம்?"

"தண்ணித் தொட்டிக்குத் தோண்டியிருக்கோம்ல. சுவருக்கும் வண்டிக்கும் நடுவுல."

"எவ்வளவு அகலம் மேஸ்திரி?"

"ஒரு காரு நீளவாக்குல நிக்கும்."

ஒரு கார் நீளம் என்றால் நாலரை மீட்டர். பள்ளத்து ஓரத்திலிருந்து சக்கரம் தள்ளி நிற்க இன்னும் கொஞ்சம். அக்காவின் தலைக்குள், எத்தனை மீட்டருக்கு எத்தனை டன் என்ற அட்டவணை தானாகப் புரண்டது. ஐந்தரை மீட்டரில் முக்கால் டன். சுமை ஒன்றரை டன்.

"மேஸ்திரி, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே. ஒரு கல்லுகூட தூக்கக்கூடாது."

"நான் சைட்ல இல்லையே மேடம், கம்பி வாங்க வந்திருக்கேன். இவ்வளவு நேரமும் லாரியிலிருந்து கல்லை இறக்கிட்டு இருந்தாங்க. இப்பதான் மாடிக்கு ஏத்தப் போறாங்க. ஏன், என்னாச்சு?"

"உங்க ஆளு யாருக்காவது போன் போடுங்க, உடனே."

வைத்துவிட்டுக் கொழுந்தனுக்குப் போட்டாள். அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருக்கைக்குப் பின்னால், டூல் பெட்டிக்குள், மூடி போட்டு. அவள் வைத்த சட்டம். மேஸ்திரி திரும்பக் கூப்பிட்டு, "சூப்பர்வைசரும் எடுக்கலை மேடம், கல்லு அறுக்கிற மெஷின் ஓடுது, காதுல விழாது" என்றார்.

அவள் கைப்பையை எடுத்தாள். ஸ்பேனர் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், செருப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. "போனைப் பாத்துக்கங்க" என்று அந்தச் செருப்பிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தாள்.

சைட் பன்னிரண்டு நிமிட தூரம். நானும் அந்த வழியில் போயிருக்கிறேன், நான்கு சிக்னல். நான்கிலும் சிவப்பு விழுந்தது என்று அவள் பின்னால் சொன்னாள். விழுந்திருக்காது, ஆனால் அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். முதல் சிக்னலில், வண்டி தானாக எச்சரிக்குமே என்று ஒரு நம்பிக்கை வந்தது. சுமை அதிகமானால் கேபினில் சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். அது பழைய வண்டி. கையைத் தானாக நிறுத்தாது, கத்தத்தான் செய்யும். கத்தினால் போதுமே, அவன் நிறுத்திவிடுவானே. இரண்டாவது சிக்னலில் இன்னொன்று நினைவு வந்தது. அதே வண்டி போன வாரம் முழுக்க வெறும் நாக்கோடு நிற்கும்போதே சும்மா சும்மா கத்திக்கொண்டிருந்தது. ஸ்பேனர் சென்சார் மாற்றினார். "இது இனிமே கத்தினாலும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிக்கணும்" என்று கொழுந்தன் அன்று சிரித்தான். அதை நினைத்ததும் ஸ்கூட்டர் ஒரு பக்கமாக இழுத்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அத்தையின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. நான் பாத்துக்கறேன் என்று சொன்னேனே. பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதானா.

சைட்டின் தகர வேலிக்கு மேலே முதலில் பூம்தான் தெரிந்தது. எழுந்து, நீண்டு, மாடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தினாளா, கீழே போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. கைப்பை முழங்கையில் தொங்க, மணல் குவியலில் ஏறி இறங்கி ஓடினாள். ஓட்டமா அது, செருப்பு ஒன்று மணலிலேயே நின்றுவிட்டது.

பள்ளம் மேஸ்திரி சொன்ன அகலத்துக்குக் கொஞ்சமும் குறையவில்லை. இந்தப் பக்கம் வண்டி. அந்தப் பக்கம் கட்டடம். நடுவில் ஆகாயத்தில் ஒன்றரை டன் கல், மாடி விளிம்புக்கு ஓர் ஆள் நீளத்துக்கு முன்னால், லேசாக ஆடிக்கொண்டு. மாடியில் இரண்டு பேர் அதை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா அதையெல்லாம் பார்க்கவில்லை. பின்சக்கரத்தைப் பார்த்தாள். டயருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

கல் அறுக்கும் மெஷின் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. கீழே நின்ற நாலைந்து பேருக்கும் இதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. ஆளாளுக்குக் கையைக் கீழ்நோக்கி ஆட்டி, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள். இறக்கு, இறக்கு. சத்தம் கேட்காவிட்டாலும் கை ஆட்டுவது புரியும்.

பாருங்கள், பதறினவன் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வான். ஆனால் அதுதான் தப்பு. எழுந்து நிற்கும் கையை அப்படியே சாய்த்து இறக்கினால் சுமை இன்னும் வெளியே போகும். ஒரு விரல் வெளிச்சம் ஒரு முழம் ஆகும், அப்புறம் எல்லாம் முடிந்தது. முதலில் கையை உள்ளே இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இறக்க வேண்டும்.

அக்கா கத்தினாள். அவள் கத்தினது அவளுக்கே கேட்கவில்லை. கேபினுக்குள் கொழுந்தனின் முகம் தெரிந்தது. மேலே சுமையைப் பார்த்தான், கீழே ஆட்களைப் பார்த்தான், லீவரில் கை. அவள் பள்ளத்தின் ஓரமாக, அவன் கண்ணில் படும் இடத்துக்குப் போய் நின்றாள். வண்டி சாய்ந்தால் அது அவள் மேல்தான் சாயும். அதை அவள் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நின்றிருக்கமாட்டாள், அவ்வளவு தைரியசாலி இல்லை.

இரண்டு கையையும் மார்புக்கு நேரே கொண்டுவந்தாள். விரல்களை மடக்கினாள். இரண்டு கட்டை விரலையும் ஒன்றை ஒன்று பார்க்க உள்பக்கமாக நீட்டினாள். காலண்டருக்குக் கீழே, நாலாவது பொம்மை. உள்ளே இழு. வாழ்க்கையில் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. முழங்கையில் கைப்பை ஆடியது.

அவன் பார்த்தான். ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை. மேஜைக்குப் பின்னால் இருக்கவேண்டிய அண்ணி ஒற்றைச் செருப்போடு பள்ளத்து ஓரத்தில் எப்படி வந்தாள் என்று திகைத்திருப்பான். சுற்றி இருந்த எல்லோரும் இறக்கு என்றார்கள். அவள் கட்டை விரலை மட்டும் ஆட்டாமல் வைத்திருந்தாள்.

பூம் உள்ளே வரத் தொடங்கியது. ஓர் அடி. இரண்டு அடி. மாடியில் நின்றவர்கள் நீட்டின கையோடு அப்படியே நின்றார்கள். கல் பள்ளத்துக்கு மேலே மெல்லப் பின்னால் வந்தது. பின்சக்கரம் தரையில் உட்கார்ந்தது. அந்தச் சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை, ஆனால் காலுக்கடியில் மண் ஒரு தடவை அதிர்ந்தது. சுமை முழுசாக வண்டியோடு ஒட்டிக் கீழே வந்து தரையில் அமர்ந்த பிறகுதான் அவள் கையைக் கீழே விட்டாள். விட்டதும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ ஓடிப்போய் அறுக்கும் மெஷினை நிறுத்தினார்கள். திடீரென்று அமைதியானது. கேபினுக்குள் பஸ்ஸர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது இப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. கொழுந்தன் சாவியைத் திருப்பினான், அது நின்றது.

அவன் இறங்கி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதற்குள் மேஸ்திரியும் வந்துவிட்டார், கம்பியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். சூப்பர்வைசர் யார் தலையில் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். "பஸ்ஸர் கத்துதுல்ல, ஆபரேட்டர் கவனிக்க வேணாமா?" என்று ஆரம்பித்தான்.

"கத்துச்சு" என்றான் கொழுந்தன். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தான். "சீட்டுல ரெண்டு மீட்டர்னு போட்டிருக்கு. இங்க வந்து பாத்தா பள்ளம். கொஞ்சம் அதிகமா இருக்கேன்னு தோணுச்சு. ஆனா அண்ணி கேக்காம எழுத மாட்டாங்க, இந்த தூரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். சென்சார்தான் மறுபடி மக்கர் பண்ணுதுன்னு நினைச்சேன்."

அக்காவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வண்டி கத்தியது. கண்ணும் சொன்னது. அவன் வண்டியையும் நம்பவில்லை, தன் கண்ணையும் நம்பவில்லை. அவளை நம்பினான்.

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். ரெண்டு மீட்டர் என்று அவர்தானே சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி குழம்பிப்போய் தலையைச் சொறிந்தார். "நான் அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேனோ என்னமோ, காலையில அவசரத்துல..." நல்ல மனுஷன் என்று முன்னாலேயே சொன்னேன் அல்லவா. இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் தான் சொன்னதாக அவரே நம்பியிருப்பார். அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். முதலாளி காதுக்கு அப்படியே போயிருக்கும், கொழுந்தன் மனதிலும் அப்படியே நின்றிருக்கும், அத்தைக்குக் கொடுத்த வார்த்தையும் உடையாமல் இருந்திருக்கும்.

"இல்ல மேஸ்திரி" என்றாள், மண்ணில் உட்கார்ந்தபடியே. "நீங்க சொல்லலை. நான் கேக்கலை. நானா எழுதினேன்."

கொழுந்தன் அந்தச் சீட்டைத் திரும்ப ஒருமுறை பார்த்தான். மடித்து அவள் கையில் வைத்தான். போய் மணலில் கிடந்த செருப்பை எடுத்துவந்து அவள் காலடியில் போட்டான்.

முதலாளி மாலையில் கேட்டுவிட்டு, வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் காலையில் சொன்னது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. "இனிமே பழைய மாதிரியே கேளும்மா" என்றார். அவளும் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அவர் சொன்னது அனுசரித்துப் பேசு என்றுதான். எழுதினது அவள் கை.

வீட்டில் மாமியார் வழக்கம்போல இரண்டு தட்டை எடுத்துவைத்து, "இன்னிக்கு வேலை எப்படிடா?" என்று மகனைக் கேட்டது. அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எப்பவும் போலதாம்மா" என்றான் அவன். தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. "அண்ணிதான் பாத்துக்கறாங்களே."

அவன் அதை அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான். குத்திக்காட்டுகிற புத்தி அவனுக்குக் கிடையாது. ஆனால் அவள் எழுந்து கை கழுவப் போனவள், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் சத்தத்தில் அழுதாள்.

மறுநாள் காலை எட்டரைக்குப் போன் அடித்தது. வேறொரு கான்ட்ராக்டர், வேறொரு கட்டடம். எடை கேட்டாள். உயரம் கேட்டாள். "சுவர்ல இருந்து எத்தனை மீட்டர்?" என்று கேட்டாள். "பக்கத்துலதான்" என்றார் அவர். "அளந்துட்டுக் கூப்பிடுங்க" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் அளந்துவிட்டுக் கூப்பிட்டார். மூன்று மீட்டர். பள்ளம் உண்டா, குழி உண்டா, மேலே மின்கம்பி போகிறதா என்று இன்னும் மூன்று சேர்த்துக் கேட்டாள். பிறகுதான் சீட்டை எழுதினாள்.

கொழுந்தன் வந்து சீட்டை வாங்கினான். நேற்றுவரை ஒரு பார்வையில் மடித்துப் பையில் வைக்கிறவன், இன்று மூன்று கட்டத்தையும் விரல் வைத்துப் படித்தான். மூன்றாவதில் விரல் நின்றது. அவன் முகம் சங்கடத்தில் சிவந்தது.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இது கேட்டு எழுதினதா?"

ஆறு வருடத்தில் இப்படி அவன் கேட்டதில்லை. அவளுக்கு நெஞ்சுக்குள் எதுவோ முறிந்த மாதிரி இருந்தது. கூடவே, நேற்றிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த பயம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

"கேட்டு எழுதினதுதான்" என்றாள். மேஜை டிராயரைத் திறந்து, வரும் வழியில் வாங்கிவந்த அளவு டேப்பை, கவர்கூடப் பிரிக்காமல், அவனிடம் நீட்டினாள். "இருந்தாலும் நீ இறங்கி அள. நான் என்ன எழுதியிருந்தாலும் அள."

பழைய கொழுந்தனாக இருந்தால், உங்களை விடவா அண்ணி இந்த டேப்பு என்று சிரித்திருப்பான். இப்போது கவரைக் கிழித்து, டேப்பை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தான். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.